கிணற்றில் வைத்த மருந்து

என் அருமை பாவாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். இங்கே நாங்கள் நலம் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் ரயிலேறிப் போன கையோடு நம் தெருவுக்கு வாந்திபேதி வந்துவிட்டது.

நீங்கள் தெருவுக்குத் தலைமை பார்க்கும் பெரியதனமாக இருந்தபோதும் ஒரு முறை வந்ததே, நினைவிருக்கிறதா? சுகாதார இன்ஸ்பெக்டர் சிவப்பு மருந்தோடு வந்ததும், அவரைக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். தெலுங்கு வீட்டில் தெலுங்கு, தமிழ் வீட்டில் தமிழ். "தண்ணி செவப்பாயிடும். எனுக்கும் பயமாத்தான் கீது. ஆனா நோய்ப் பூச்சி சாவும்னு சொல்றாரு, நான் மொதல்ல குடிக்கறேன்" என்றீர்கள். "இத்த குடிச்சா கண்டிப்பா பொழைச்சிக்குவமா?" என்று எதிர்வீட்டு முனிரத்தினம் மடக்கினான். "அது எனுக்குத் தெரியாதுப்பா" என்றீர்கள். இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கிப் போயிற்று. தெருவோ குடத்தை எடுத்துக்கொண்டு வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர் மற்றதில் பொய் சொல்ல மாட்டார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இந்த முறை புதுப் பெரியதனம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கெட்டவர் இல்லை, பாவா. தண்டோரா போட ஆளனுப்பினார். அவன் தெருமுனையில் நின்று கத்தினான்: "ஊர்க் கெணத்துல மருந்து வெச்சிருக்குது! யாரும் பயப்படக் கூடாது!"

மருந்து போட்டிருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நம் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் சோற்றில் கலந்து ஆளை முடிப்பது அல்லவா? தெலுங்கில் மந்து பெட்டுவது என்றாலும் அதே அர்த்தம்தான். பெண்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ரத்தமாகக் கிடந்தது. யுத்தத்தைச் சொல்லி அரிசியைக் குறைத்த சர்க்கார் இப்போது வாயையே குறைக்கப் பார்க்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. எல்லோரும் குடத்தோடு குட்டைக்கு நடந்தார்கள். காவடிக்காரர்கள் குளித்துவிட்டுப் போன குட்டை.

பெரியதனத்திடம் ஓடினேன். "ஒரு வாட்டி நீங்களே வந்து பேசுங்க" என்று கெஞ்சினேன். "தண்டோராதான் போட்டாச்சே, இன்னும் இன்னாடா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது. நோய் கண்ட வாசல்களை மிதிக்க அவருக்குப் பயம். அந்தப் பயத்தையாவது வெளியே வந்து சொல்லியிருந்தால் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். எல்லோரும் பார்க்கக் கிணற்றடியில் நின்று ஒரு செம்பு குடித்தேன். முனிரத்தினம் சிரித்தான். "உனுக்கு மட்டும் மாத்து மருந்து குடுத்திருப்பாங்கடா" என்றான். உங்களைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்கு எழுந்ததில்லை. எத்தனையோ வருஷம் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிப் பேசி நீங்கள் சம்பாதித்ததை நான் ஒரு செம்புத் தண்ணீரில் வாங்கிவிடப் பார்த்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வேன்? அக்காவும் குட்டைக்குத்தான் போனாள். "உங்க பாவா சொன்னா கண்ண மூடிகினு குடிப்பேன். தண்டோரா சொன்னா குடிப்பனாடா?" என்றாள். உங்கள் மனைவி வேறு எப்படிப் பேசுவாள்? பிறகு அவளும் படுத்துவிட்டாள். மறுநாள் காலை, கண் குழிந்து குரல் கம்மித் தண்ணீர் கேட்டாள். கொண்டுபோனேன்.

"இது எந்தத் தண்ணிடா?"

குட்டைத் தண்ணீர் என்ற பொய் வாய் வரை வந்துவிட்டது. "கெணத்துத் தண்ணி, அக்கா" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பொய் சொல்லல" என்று சொல்லி, செம்பைக் காலி செய்தாள்.

மத்தியானம் போய்விட்டாள்.

தெருவில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் செத்தாளாம். மனம் மாறிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு வீடுகளும் மறுபடி குட்டைக்குப் போய்விட்டன. என் பேச்சை நம்பிய ஒரே உயிர் அவள். உண்மையைச் சொல்லி நான் என்ன கண்டேன், பாவா?

ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து நான் வீடு வீடாகப் போவேன். அக்காவின் கடைசி வாய்த் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்தான் என்பதை மறைக்க மாட்டேன். அதற்கு முன்னால் அவள் குடித்ததெல்லாம் குட்டைத் தண்ணீர் என்பதையும் சொல்வேன். முகத்தில் கதவைச் சாத்தினால் அடுத்த வாசலுக்குப் போவேன். ஒரு வீடாவது கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் போவேன்.

அக்கா இந்நேரம் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். அவளுக்கும் இப்போது என் மேல் சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ. தம்பி கொடுத்தது நல்ல தண்ணீர்தான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாவா. நீங்கள் சொன்னால் நம்புவாள்.

அவள் போன பிறகும் உங்களுக்குச் சொந்தமான,
மைத்துனன் சீனு