ஆட்டின் கழுத்தில் அளவுக்கயிறு

ஐத் ஹம்மூ,
அக்டோபர் 26

அன்பு மதினி ரஹ்மாவுக்கு,

மென்னானா எழுதுவது. அல்லாஹ் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். இங்கே மாமா, நான், ஸிஹாம் மூவரும் இருக்கிறோம். ஈரம் ஏறினால் மாமாவுக்கு முழங்கால் வலியும் ஏறுகிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுதான் தங்கியது. டாஞ்சியரில் இறால் உரித்து உரித்து உங்கள் விரல்கள் வெடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பேருந்துக்காரரிடம் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது விரலுக்கு. சமையலில் ஊற்றிவிடாதீர்கள்.

இந்த உறைக்குள் இன்னொரு கடிதம் இருக்கிறது. அது உங்கள் தம்பிக்கு, என் வீட்டுக்காரருக்கு. சிறையில் பார்வை நாளன்று அவரிடம் சேர்க்க வேண்டும். நான் அதை ஒட்டவில்லை. முதலில் இதைப் படியுங்கள், பிறகு அதைப் படியுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

நிலத்துக்கான அனுமதி போய்விட்டது மதினி. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. கூட்டுறவுச் சங்கத்துப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். பயிரில் முக்கால்வாசி அழுகல். மார்ச் மாதம் ஸல்லாம் வெளியே வரும்போது அவர் முன்னால் வைக்க என்னிடம் இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். சட்டப்படி விதைக்க ஒரு காகிதம் இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று உங்களுக்கும் தெரியும். பழையபடி மேட்டுக் காட்டில் விதைப்பார். ஜீப் சத்தம் கேட்டால் பழையபடி தேவதாரு மரங்களுக்குள் ஓடுவார். வாரண்ட்டுக்குப் பயந்து பத்தொன்பது வருஷம் வியாழக்கிழமைச் சந்தையை மிதிக்காத மனிதர். ஸிஹாம் பிறந்ததைப் பதியக்கூட நான் என் அண்ணனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கஞ்சா பயிரிட அரசே அனுமதி தருகிறது என்றதும் தலை வாரிக்கொண்டு பட்டப்பகலில் சந்தைக்குப் போனார், மனுவில் ஒட்டப் புகைப்படம் எடுக்க. புகைப்படக்காரன் முக்காலியிலிருந்தே பழைய புகாருக்காகப் போலீஸ்காரர்கள் பிடித்துப்போனார்கள். அதன் பிறகுதான் அனுமதியை என் பெயரில் வாங்கினோம். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அறியாததை இனி எழுதுகிறேன்.

ஏப்ரலில் சங்கத்து ஆள் ஸுஹைர் வந்தான். மெக்னெஸ் பக்கத்துப் பையன், சப்பாத்தில் சேறு படாமல் வயலில் நடக்கப் பார்ப்பவன். வெளிநாட்டு விதை கொடுத்தான், முளைக்காமல் போவதற்கும் சேர்த்துப் பல மடங்கு கூடுதலாகவே கொடுத்தான். கூடவே ஒரு நீளக் கயிறு, ஒன்றரை எட்டு நடைக்கு ஒரு சிவப்பு முடிச்சு. "முடிச்சுக்கு ஒரு செடிதான் அக்கா. இது உங்க ஊர் கிஃப் கஞ்சா இல்ல, தோள் உயரம் வரும், பக்கத்துல கிளை விடும். நடுவுல காத்து ஓடணும்" என்றான். மாமா கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் விட்டா ஒரு செடி இன்னொரு செடிக்குக் கடிதாசி போட்டுத்தான் சேதி விசாரிக்கணும்" என்றார்.

விதை ஒன்றுவிடாமல் முளைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பியின் ஃபோன் வந்தது. பத்து நிமிஷம்தானே கொடுக்கிறார்கள். உள்ளே போன நாளிலிருந்து அவர் பேசுவதே இல்லை, உங்களிடமும் அப்படித்தான் என்றீர்கள். "நல்லா இருக்கியா, அப்பா நல்லா இருக்காரா" என்பார், அப்புறம் மூச்சு மட்டும் கேட்கும். அன்று நாற்று நிற்பதைச் சொன்னேன். மனிதர் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி பிடித்துக்கொண்டார். "மென்னானா, இடம் விடாதே. ரெண்டு சாணுக்கு ஒண்ணு வை. மண்ணு வெயிலைப் பார்க்கக் கூடாது, பார்த்தா காஞ்சிடும். மேற்கு மூலையில கல்லு ஜாஸ்தி, அங்க ஆட்டுப் புழுக்கை போடு. ஏ, கேக்குதா? அப்பாகிட்டச் சொல்லு, அவசரப்பட்டுத் தண்ணி கட்ட வேணாம்னு." ஒன்பது நிமிஷம் மதினி! அந்த அதட்டல் குரலைக் கேட்டு எத்தனை மாதம்! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவர் சொன்னது நம் ஊர் கிஃபுக்குச் சரி. பார்லி மாதிரி கைவீசி விதைப்போம், இடுப்புக்கு மேல் வளராது, ஆகஸ்ட் வெயிலிலேயே அறுத்துக் கூரையில் காயப்போட்டுவிடுவோம். இந்தப் புதுச்செடியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கயிற்றைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம், உங்கள் சொல் இனிச் செல்லாது, மெக்னெஸ் பையன் சொல்தான் செல்லும் என்று மிச்சமிருந்த ஒரு நிமிஷத்தில் எப்படிச் சொல்வேன்? எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவருக்கு விட்டுவைத்தது விவசாயம் பற்றிய அந்தப் பேச்சு ஒன்றுதானே. இரண்டு சாணுக்கு ஒன்று நட்டோம். கயிறு நல்ல முறுக்காக இருந்தது. ஆட்டைக் கட்டினேன்.

ஜூனில் ஸுஹைர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டுக்காரர் சொன்னார், செய்தேன் என்றேன். பாதியைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கப் போனேன், சத்தியமாகப் போனேன். ஆனால் ஞாயிறுதோறும் அவர் "எவ்வளவு உசரம்? மண்ணு தெரியுதா?" என்று கேட்பார். மண்ணே தெரியவில்லை என்பேன். அவர் சந்தோஷத்தைக் காதால் கேட்டுவிட்டு மறுநாள் எந்தக் கையால் பிடுங்குவது? பக்கத்து வயல் யம்னா கயிற்றைப் பிடித்து அளந்து அளந்து நட்டிருந்தாள். கோடையில் அவள் நிலத்தை ஊரே வழுக்கைத்தலை என்று கேலி செய்தது. நானும் சிரித்தேன்.

செப்டம்பர் பாதியில் கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறியது. யம்னா வயலில் காலையில் வந்த பனி பத்து மணிக்குப் போய்விடும். நம் வயலில் வந்த பனிக்குப் போக வழியில்லை, விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் ஒரு பூங்கொத்தின் நடுவே ஒரே ஒரு இலை மஞ்சளாக நின்றது. தொட்டேன், கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்த ரொட்டி மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு. மறுநாள் பத்துக் கொத்து. அடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தினமும் விடிந்ததும் மாமா ஒரு கம்பு, நான் ஒரு கம்பு எடுத்துக்கொண்டு செடியைத் தட்டித் தட்டிப் பனிநீரை உதிர்ப்போம். பழுத்த வரை அறுத்துவிடலாம் என்றால் முடியாது. அதிகாரி வந்து எண்ணி எடை போடாமல் ஒரு கிளையில் அரிவாள் படக் கூடாது. அழுகியதைக்கூட எரிக்கக் கூடாது, சாக்கில் கட்டி வைக்க வேண்டும். மாமா கம்பை ஊன்றி நின்று, "திருட்டுப் பயிரா இருந்தப்போ நாம நெனச்ச நாள்ல அறுத்தோம். இப்போ சட்டப் பயிர், அழுகுறதுக்கும் தேதி வாங்கணும்" என்றார்.

இரண்டு பேருந்து மாறி அலுவலகம் போனேன். சீக்கிரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். மேசைக்காரர் பட்டியலைத் தடவி, "உங்க ஊருக்கு அக்டோபர் இருபத்திமூணாம் தேதிம்மா" என்றார். "மூடுபனிக்கு அந்தப் பட்டியலைக் காட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார், நல்ல மனிதர்தான். தேதி மட்டும் மாறவில்லை. திரும்பி வந்தால் யம்னா கம்போடு நம் வயலில் நிற்கிறாள், தட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அடுப்பில் பிஸாரா வைத்துவிட்டுப் போயிருந்தாள். குத்திக் காட்டியிருந்தால் அந்தப் பயறுக் கஞ்சி எனக்குச் சுலபமாக இறங்கியிருக்கும்.

இருபத்திமூன்றாம் தேதி வந்தார்கள். மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் அதிகாரி, இரண்டு ஆட்கள், ஸுஹைர். அதிகாரியம்மா வயலுக்குள் நுழைய வழி தேடி நின்றார். "அளவுக்கயிறு கொடுத்தோமே, எங்கம்மா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து வாசல்வரை சிவப்பு முடிச்சுகள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

யார் இப்படி நடச் சொன்னது என்று கேட்டார். ஸுஹைர் என்னைத் தனியே இழுத்து, "அக்கா, உள்ளதைச் சொல்லிடுங்க. வீட்டுக்காரர் சொன்னார்னு எழுதினா உங்க பேரு தப்பும், ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க" என்றான். அவர் பேர் என்ன ஆகும் என்று கேட்டேன். சிறைக்குள்ளிருந்து வயலை நடத்தியவர் என்று கோப்பில் ஏறினால், மார்ச்சில் அவர் போடும் மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் போய், "நான்தான். என் பேராசை. யாரும் சொல்லல" என்றேன். பள்ளிவாசல் வகுப்பில் கற்ற எழுத்தில் முதல் கையெழுத்து இந்த அனுமதியை வாங்கப் போட்டது. இரண்டாவது, அதை விடுவதற்கு. இனி என் பெயரில் கிடைக்காது. தண்டனை முடிந்தால் அவருடைய பழைய புகாரும் தீரும், சங்கத்துக் கோப்பில் அவர் பெயர் சுத்தமாக இருக்கிறது.

மதினி, தன் சொல்லால்தான் இது நடந்தது என்று தெரிந்தால் அவர் மறுபடி மூச்சு மட்டும் விடுவார். அதை என்னால் கேட்க முடியாது. அதனால் அந்தக் கடிதத்தில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். உங்கள் வாயில் ஒரு ரகசியம் தேநீர் ஆறும் நேரம்கூடத் தங்காது என்று உங்கள் தம்பியே சொல்வார். இந்த ஒன்றை மட்டும் தங்க வையுங்கள். அவர் கேட்டால், மென்னானாவின் பேராசை என்று வாய் நிறையத் திட்டுங்கள். நீங்கள் திட்டினால் நம்புவார்.

உங்கள் கைகளை முத்தமிடும்,
மென்னானா

*

ஐத் ஹம்மூ,
அக்டோபர் 26

என் வீட்டின் தலைவர் ஸல்லாமுக்கு,

உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கும் என் ஸலாம். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அது நன்றாக இருக்கட்டும்.

அப்பா நலம். ஸிஹாமுக்கு ஒரு பல் விழுந்தது, உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். ஆடு குட்டி போட்டிருக்கிறது.

இந்த வருஷப் பயிர் சரியாக வரவில்லை. கோபப்படாமல் படியுங்கள். குற்றம் என்னுடையது. நீங்கள் இரண்டு சாணுக்கு ஒன்று என்றீர்கள். நான் "சரி" என்று சொல்லிவிட்டு, முளைத்த நாற்று வீணாகிறதே என்ற ஆசையில் ஒரு சாணுக்கு ஒன்று வைத்துவிட்டேன். ஃபோனில் உங்களிடம் மறைத்தேன். உள்ளே காற்றுப் போகாமல் பனி பிடித்துவிட்டது. நீங்கள் சொன்னபடி வைத்திருந்தாலும் இந்தச் செடிக்குப் போதாதாம், ஒன்றரை எட்டு வேண்டுமாம். சங்கத்துப் பையன் சொல்கிறான். அவன் சின்னப் பையன், சேற்றுக்குப் பயப்படுகிறவன், ஆனால் இந்தச் செடியை அவனுக்குத் தெரியும். நீங்கள் வந்ததும் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே அளந்து பாருங்கள். எனக்கு அளவு வரவில்லை. நீங்கள் இல்லாத வயலில் எனக்கு ஒன்றுமே சரியாக வரவில்லை.

என் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டார்கள். பரவாயில்லை, எனக்குச் சமையலறை இருக்கிறது. சங்கத்தில் உங்கள் பெயரில் ஒரு கறையும் இல்லை. சந்தைப் புகைப்படக்காரனிடம் போய் உங்கள் படம் நான்கையும் வாங்கி வந்துவிட்டேன். தலை நன்றாக வாரியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் லேசாகச் சிரிக்கிறீர்கள், அந்த நேரம் என்ன நினைத்தீர்களோ. மனுவில் ஒட்டத் தயாராக டப்பாவில் இருக்கின்றன.

இந்த ஞாயிறு ஃபோனில் என்னைத் திட்டுங்கள். பத்து நிமிஷமும் திட்டுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அப்பா நேற்று அளவுக்கயிற்றைக் கழுவிக் காயவைத்து, உங்கள் ஜெல்லாபா அங்கி தொங்கும் ஆணியிலேயே மாட்டினார். அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆட்டுக்கு வேறு கயிறு வாங்கிவிட்டேன்.

அல்லாஹ் உங்களைப் பகல் வெளிச்சத்தில், திறந்த வாசல் வழியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் பேராசைக்காரி,
மென்னானா