வேலி கட்டியாச்சு என்று எழுதினேன்

அண்ணா,

காலையிலிருந்து சக்கைப்பழ வாசனை. உங்கள் வளவுப் பலாவில் பழுத்தது என் அடுக்களை வரை வருகிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்று உங்கள் கடிதங்களைப் புத்தகமாக்கப் பதிப்பகத்துக்காரர் வந்து வாங்கிப்போனார். அதிலிருந்து நான் வாசலுக்கும் வளவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

தக்கலையில் ரோட்டை அகலப்படுத்த உங்கள் அம்மையின் பலாவை வெட்டினார்கள். கடைசிப் பழத்தின் கொட்டையை முளைக்கவைத்து, இங்கே புதிதாகக் கட்டிய வீட்டில் நட்டீர்கள். சாவியை அடுத்த வீட்டுக்காரியான என்னிடம் தந்துவிட்டுச் சென்னைக்குப் போனீர்கள். அப்புறம் வாரம் ஒரு கடிதம். ஊரெல்லாம் உங்கள் கதைகளைப் படித்தது. எனக்கு வந்ததெல்லாம் சாணி போட்டியா, தண்ணி விட்டியா என்ற விசாரணைதான். "ஏட்டி, வேலி கட்டினியா?" என்று மூன்று கடிதத்தில் கேட்டீர்கள். கட்டியாச்சு என்று எழுதினேன். கட்டவில்லை. நாளைக்குக் கட்டலாம் என்றிருந்தேன். என் ஆடுதான் அந்தப் பிலாக்கன்றைத் தின்றது, அண்ணா.

பயந்துபோய்ச் சந்தையில் வேறொரு பலாக்கன்று வாங்கி அதே குழியில் வைத்தேன். புது இலை வந்திருக்கிறது என்று எழுதினேன். "அம்மை எழும்பி வந்தாப்பில இருக்கு" என்று பதில் போட்டீர்கள். அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

ஏழாம் வருஷம் முதல் காய் பழுத்தபோது வந்தீர்கள். உங்கள் அம்மையின் மரம் வருக்கை. சுளை கடிக்கக் கறுக்கென்று இருக்கும். இதுவோ கூழன், விரலிடுக்கில் வழிந்தது. தின்றுகொண்டே, "அம்மையும் பிள்ளையும் ஒண்ணுபோலவா இருக்கும்?" என்றீர்கள். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். இன்னொரு சுளையை எடுத்து நீட்டினேன். சென்னைக்குத் திரும்பிப் போய் அம்மையின் மரம் என்று கட்டுரை எழுதினீர்கள். அதை வாசித்தவர்கள் இன்றும் வந்து மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று பதிப்பகத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அத விட்டிருங்கம்மா. அவருக்கு இது அம்மா மரம்தானே?" என்று சொல்லிவிட்டுக் கடிதக் கட்டோடு காரில் ஏறினார். எனக்குக் கோபமான கோபம். விட்டுவிடச் சொல்ல அவர் யார்? ஏமாந்தது நீங்கள். "கள்ளி, எங்கம்மைய ஆட்டுக்கா குடுத்த?" என்று ஒருதரம் வைதிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்த வசவை வாங்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அண்ணா.