சின்னக் கட்டி

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ நலமாக இருப்பாய். நான் நலமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். போனில் கேட்கலாம் என்றால் உன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்குப் போடாதே, நான் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனி முகவரிக்குப் போடு.

டாக்டராகிய நீ என் குடல் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு நிமிடம் பேசினாய். "சின்னக் கட்டி மாமா, எடுத்துட்டா சரியாயிடும்" என்றாய். அக்காவிடம் நாற்பது நிமிடம் பேசினாய். சின்னக் கட்டிதானே என்று நான் ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிவைத்தேன். புதுக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட் மாட்டுகிறோம், மெக்கானிக் நான் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. அதைக் கேட்டதிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். எதற்கெடுத்தாலும் என்னைத் திட்டுகிறவள், இப்போது "நீங்க சொன்னா சரிதாங்க" என்கிறாள். என்ன விஷயம்?

உன் மாமா

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

அக்கா சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? கொசு கடித்தாலும் கண் கலங்குவாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆபரேஷனைச் சீக்கிரம் செய்துகொள்வது நல்லது. லிஃப்ட் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மற்றவை நேரில்.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஜூன் 13

மாப்பிள்ளை,

பெரிதாக ஒன்றும் இல்லையாம், ஆனால் சீக்கிரமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "உங்க மச்சினர் டாக்டராச்சே, எல்லாம் விளக்கியிருப்பாரே" என்றார். இல்லை என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. "விளக்கிட்டாரு டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ சொல்லியிருப்பாய் என்று அவர் விட்டார், அவர் சொல்வார் என்று நீ விட்டாய். வயிறு மட்டும் என்னுடையது. முன்பின் தெரியாத நோயாளிகளிடமெல்லாம் உள்ளதைச் சொல்கிறாயே, அந்த மரியாதையையாவது எனக்குக் கொடு. நீ சொல்லும் வரை ஆபரேஷனுக்கான எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

மாமா

ஜூன் 17

அன்புள்ள மாமா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது புற்றுநோய். பெருங்குடலில் இருக்கிறது. ஸ்கேனில் பார்த்தவரை வேறெங்கும் பரவவில்லை. இப்போது எடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி தர என்னால் முடியாது. இரண்டு மாதம் காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறையலாம். ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டியும் வரலாம்.

இதை நான் பிறரிடம் தினமும் சொல்கிறேன். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, கண்ணைப் பார்த்து, புரிந்ததா என்று கேட்டுக் கேட்டுச் சொல்கிறேன். நன்றாகப் பேசுகிற டாக்டர் என்று பெயர்கூட இருக்கிறது. உங்களிடம் மட்டும் நாக்கு எழவில்லை. பாரத்தை அக்கா தலையில் இறக்கிவைத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். நான் சொன்ன பொய்யால்தான் நீங்கள் தள்ளிப்போட்டீர்கள். தப்பு என்னுடையது. கோபத்தை என்மேல் காட்டுங்கள் மாமா, கையெழுத்துப் போடுங்கள்.

மாப்பிள்ளை

ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று நாலு தடவை படித்தேன். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள். உன்மேல் கோபம் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

சாயங்காலம் கடிதத்தை உன் அக்காவிடம் நீட்டினேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "தெரிஞ்சிடுச்சா? நல்லதாப் போச்சு. இனிமே உங்க முன்னாடியே அழுதுக்கலாம்" என்றாள். அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இன்று அந்த டாக்டரிடம் போய், "எனக்கு ஒண்ணுமே தெரியாது, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். கம்ப்யூட்டரை விட்டுவிட்டுத் திரும்பி, படம் வரைந்து காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன்.

உண்மையைச் சொல் என்று உன்னைப் படுத்தி எடுத்தேன். என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வா.

உன் மாமா