ஜப்பான் பிள்ளை தோற்ற கிழமை

நவம்பர் 10, திங்கள்
விடிய இருந்தே மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஹஸ்னாவின் நீளக் காற்சட்டை மின்விசிறிக்குக் கீழே. சனிக்கிழமை மகளுக்கு மாகாண மேசைப்பந்து இறுதிப் போட்டி.
வாங்க: பருப்பு, சவர்க்காரம், ஹ.வுக்குக் காலுறை.
சந்தியில் பெனர்! இடப்பக்கம் ஜப்பான் வீராங்கனை நத்சுமி, வலப்பக்கம் ஹ. இரண்டு பேருக்கும் இடக்கையில் மட்டை. கீழே, "மாகாணச் சம்பியன், எங்கள் ஊர் ஜப்பான் பிள்ளை". இன்னும் விளையாடவே இல்லை. கணவரின் தம்பி நௌபரின் வேலை.
"வெல்லுவா தானே மதினி. பிறகெண்டா அச்சடிக்கிற கடையில நெரிசல்."
பிள்ளை பிறக்க முன் பெயர் வைத்த கதை.

நவம்பர் 11, செவ்வாய்
மழை விட்டுவிட்டு. மீன்காரரும், "ஜப்பான்ட உம்மா, சூடை மீன் நல்லம்" என்கிறார். சிரித்துவைத்தேன்.
நத்சுமி கதை ஹ.வுக்கு மனப்பாடம். சின்ன வயதில் மேசை எட்டாமல் பெட்டி மேல் ஏறி நின்று விளையாடியது. டீவிக்காரர் வீடு தேடி வந்தது. தேசிய அணி. பிறகு நூடில்ஸ், ஷாம்பு, வங்கி, எல்லா விளம்பரத்திலும் அந்தச் சிரிப்பு.
"கடைக்கும் போக ஏலாதாம் உம்மா, எல்லாரும் படம் எடுக்கிறாங்களாம்."
பெருமையாகச் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்
நத்சுமி தோற்றுவிட்டாள். சர்வதேசப் போட்டியின் முதல் சுற்றிலேயே, யாரோ ஒரு சின்னப் பிள்ளையிடம். ஃபோனில் இருவரும் பார்த்தோம். முடிந்ததும் கமராவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தாள். நிமிரவே இல்லை. நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறாளாம்.
ஹ. சோறு தொடவில்லை.
"நான் தோத்தா சந்தியில நிண்டு குனியணுமா உம்மா?"
"நாம அல்லாஹ்வுக்கு மட்டும்தான் மகள் குனியிற."
"அப்ப தோத்தா என்ன செய்யிற?"
அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழும்பிப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி
பெனரைக் கழற்றச் சொன்னேன். "ஊர் என்ன கதைக்கும் மதினி?" என்கிறார் நௌபர். என் பயமும் அதுதானே!
கட்டாரிலிருந்து கணவர் கோல் எடுத்தார். பிள்ளைக்காகத் துஆ கேட்கச் சொன்னார். வெல்ல வேண்டும் என்று கேட்பதா, தோற்றாலும் பிள்ளை உடையக்கூடாது என்று கேட்பதா? இரண்டையும் கேட்டேன்.

நவம்பர் 15, சனி
தோற்றுவிட்டாள். கடைசி செட்டில். ஃபோனில் செய்தி வந்தபோது நான் சந்தியில், மாலையோடு நின்ற கூட்டத்துக்குள்.
பஸ் பெனருக்கு நேர் கீழே வந்து நின்றது. நௌபர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஹ. இறங்கினாள். எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள். குனியவில்லை.
"தோத்துட்டன் சாச்சா. பசிக்கிது," என்றாள் நௌபரிடம்.
மீன்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். எனக்கு அழுகை.
இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு
வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது. நௌபர் பெனரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக் கொட்டிலுக்கு மேல் போடவாம். ஹ. கத்தரிக்கோலோடு ஓடினாள்.
"என்ட பக்கத்த ஆட்டுக்குப் போடுங்க சாச்சா. நத்சுமிட பக்கம் எனக்கு வேணும்."
"அவவும் தோத்துட்டாவே, புள்ள?"
"ஓம். அதான்."