காயோவுக்கு முட்டை, எனக்குக் கருப்பு பீன்ஸ்

காயோ,

ஆறு முட்டை அவித்து வைத்திருக்கிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சட்டியில் இருக்கிறது. "பீன்ஸ் தின்னா தொப்பைதாம்மா போடும், உன் சாப்பாடே எனக்கு வேணாம்"னு நேற்று கத்தினாயே, அதனால் எனக்கு மட்டும் வேகவைத்தேன். தனியாகச் சாப்பிட இறங்கவில்லை.

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. நம் வீட்டுக் குன்றின் நூற்றிரண்டு படியும் சிலிண்டரை நானே தூக்கி வந்தேன். தூங்கினால்தான் சதை பிடிக்கும் என்று உன் ஜிம் கோச் சொன்னாராமே, எழுப்பவில்லை.

கோபகபானா மேடம் வீட்டு வேலைக்குக் கிளம்புகிறேன், சனிக்கிழமை வரை அங்கேதான் இருப்பேன்.

நீ சிமெண்ட் கொட்டி எடை தூக்குகிற டப்பா, நான் பீன்ஸ் ஊறப்போடுகிற டப்பாடா. போகட்டும், வைத்துக்கொள்.

அம்மா

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கீழ்ப்படிக்கு வருகிறாயா? பை கனமாக இருக்காது. சும்மா வா.