லென்ஸில் படிந்த உப்பு

மார்ச் 4, செவ்வாய்
ஏழாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டார் சுஹாஸ். எங்கள் கிராஃபிக்ஸ் டீமுக்கு அவர்தான் தலைவர். படப்பிடிப்பு அன்று காற்று எழும்பியதால் நடுக்கடலில் ஒரே ஒரு ஷாட்டை எடுக்க முடியாமல் போனது. அந்தப் படகு, அலை, விடியற்காலைச் சூரியன் எல்லாவற்றையும் நாங்களே கம்ப்யூட்டரில் செய்கிறோம். கேமரா சூரியனைப் பார்த்தால் லென்ஸுக்குள் ஒளி சிதறி வட்டம் வட்டமாகத் தெரியுமே, அந்த ஃப்ளேர் என் பொறுப்பு.

"சாஃப்ட்வேர்ல வர்றத அப்படியே ஒட்டியிருக்கே. கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு."

திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஷாட் ஹைதராபாத்துக்குப் போய்விடும். மூன்று மாதமாகக் கழுத்தில் தொங்கும் தற்காலிக அட்டையோடு நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மார்ச் 5, சாம்பல் புதன்
காலைப் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு கோடம்பாக்கம் ஆபீசுக்கு ஓடினேன். பாய்மரக் கயிறு சூரியனை மறைக்கும்போது ஃப்ளேரும் மங்க வேண்டும் – அதைச் செய்தேன். வட்டங்களை எல்லாம் சூரியனிலிருந்து படத்தின் நடுவழியாக ஒரே கோட்டில் நிறுத்தினேன்.

"தப்பு எதுவும் இல்ல ஏஞ்சல். ஆனா நம்ப முடியல."

தப்பு இல்லன்னா ஓகே சொல்லித் தொலையேன்யா! பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவினதில் சாம்பலும் போச்சு.

மார்ச் 6, வியாழன்
ஒன்பது, பத்து – இரண்டும் போச்சு. விட மாட்டேன்.

மார்ச் 8, சனி
கடலுக்குப் போன நைனா எட்டு மணிக்குக் கரை வந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. லுங்கி முனையால் இடவலமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மணலில் வைத்துவிட்டு வலையை உதறப் போனார். சும்மா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சூரியனிலிருந்து மேலும் கீழுமாக ஒரு வெளிச்சக் கோடு நின்றது. மேலிருந்து கீழாகத் துடைத்துப் பார்த்தேன். கோடு படுத்துக்கொண்டது.

"இன்னா புள்ள, சூரியன மொறச்சிக்கினு கீற? கண்ணு பூடும்."

மறுபடி இடவலமாகத் துடைத்தேன். மறுபடி நின்றது. அட, கடற்கரையில் பிறந்தவள்தானே நான்? அரை மணி நேரத்தில் எந்தக் கண்ணாடியும் உப்பேறும் என்று எனக்கா தெரியாது? என் ஷாட்டில் மட்டும் லென்ஸ் கடைக் கண்ணாடி போலத் துப்புரவாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்
படப்பிடிப்பு அன்று படகில் நிஜமாக எடுத்த மற்ற ஷாட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சூரியனிலிருந்து வலப்பக்கம் சாய்ந்த ஒரு மங்கல் கோடு. முதல் வாரமே இது கண்ணில் பட்டது. அழுக்கு என்று ஒதுக்கினவள் நானேதான். முட்டாள். அதே சாய்வில் கோடு விழும்படி அதற்குக் குறுக்காக ஒரு துடைப்புத் தடம் போட்டேன், மேலே கொஞ்சம் உப்புப் படலம்.

சுஹாஸ் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ணே?"

"அழுக்கு பண்ணேன்."

"நாளைக்குக் கேமராமேன் வர்றார். அவரே சொல்லட்டும்."

மார்ச் 11, செவ்வாய்
கேமராமேன் சண்முகவேல் சார் தன் உதவியாளர் கயலோடு வந்தார். கடல் காட்சிகளை வரிசையாக ஓட்டினோம். என் ஷாட் வந்ததும் சார் கயல் பக்கம் திரும்பினார்.

"லென்ஸ ஒழுங்கா துடைன்னு அன்னிக்கே படகுல தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். பாரு, எப்படி இழுத்து வெச்சிருக்கே."

"சாரி சார்," என்றாள் கயல், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சுஹாஸ்தான் சொன்னார்: "சார், இது ஏஞ்சல் பண்ணது. இதுல லென்ஸே கிடையாது."

சார் மறுபடி ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவையும். பிறகு என்னைப் பார்த்து, "அத துடைச்சிடாதம்மா," என்றார்.

மதியம் கயலுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பாவம், எனக்காகத் திட்டு வாங்கினவள். நாளை புது அட்டைக்குப் போட்டோ எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.