பகலுக்கு ஒரு பாடி, சாயங்காலத்துக்கு ஒரு பாடி

கிட்வாய் நகர், புதுடெல்லி
4.10.1997

அன்புள்ள இன்பராணி அக்காவுக்கு, தங்கச்சி அன்னா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

நான் ராஜவேலைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாச்சு. நம் சபையில் சேராதவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். அதற்குப் பிறகு நீயும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. தையலுக்காகத்தான் இப்போது எழுதுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

நான் தையல் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நாடகம். நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரச் சீமாட்டியாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பூங்கோதை வருகிறாள். பாவாடை ஒன்றுதான், அதற்குப் பாடி இரண்டு. பகலுக்குக் கழுத்து ஏறினது, சாயங்காலத்துக்கு இறங்கினது. பாவாடை முடித்துவிட்டேன். பாடிதான் உடம்போடு உட்கார மாட்டேன் என்கிறது. உன்னைப்போல உடம்பு வளைவுக்கு மடித்து டாட் பிடிக்க எனக்கு வராது. அளவு வைத்திருக்கிறேன். தைத்து அனுப்புவாயா?

அன்னா


பாளையங்கோட்டை
19.10.1997

அன்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பாடியும் பார்சலில் வருகிறது, வெள்ளைக் காட்டன். உள்ளே போடுகிற சாமானுக்குப் பகல் என்ன, சாயங்காலம் என்ன? டெல்லியில் அதையும் வேளைக்கு ஒன்றாக மாற்றுகிறீர்களோ என்னமோ. வயசுப்பிள்ளை என்று பிடிப்பாகவே தைத்திருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

இன்பராணி


கிட்வாய் நகர்
6.11.1997

என் தங்க அக்காவுக்கு,

பார்சலைப் பிரிக்கும்போது இவரும் பக்கத்தில் இருந்தார். சட்டென்று மூடி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். தப்பு என்னுடையதுதான். பள்ளிக்கூடத்தில் கவுனின் மேல்பாகத்தைப் பாடி, பாடி என்று சொல்லிச் சொல்லி, நம்ம ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதே மறந்துபோச்சு.

ஆனால் பூங்கோதைக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம்தான், நான் பார்த்துத் தைக்கிற கவுன் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். அந்தக் காலத்தில் பிடிப்பான காட்டனை உள்ளே வைத்து, அதன்மேல்தான் பட்டுத்துணியை ஏற்றித் தைத்தார்களாம். சரோஜினி நகரில் வாங்கின மெரூன் ஸாட்டினை உன் பாடி மேலேயே ஏற்றினேன். பகலுக்கு முழுக்கையும் காலரும், சாயங்காலத்துக்குக் குட்டைக் கையும் லேஸும். விறைப்பாக நிற்பதற்கு, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை நறுக்கிக் கொடுத்தது இவர்தான். ஒத்திகையில் அவள் பாடியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நின்றதும் பிரின்ஸிபால் அம்மாவே எழுந்து கைதட்டிவிட்டார்.

நீ நல்லா இருக்கணும்க்கா. தைத்ததற்கும் நன்றி, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் நாலு வரி எழுதினதற்கும் நன்றி. “அக்காவுக்கு என் நன்றியையும் எழுது. எனக்கு அன்றைக்கே கோபம் போய்விட்டது” என்கிறார் இவர். டிசம்பர் பன்னிரண்டு நாடகம். வருவாயா?

உன் அன்னா


பாளையங்கோட்டை
17.11.1997

ஏட்டி அன்னா,

பாடிக் கதையை வாசித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நன்றி நான்தானட்டி சொல்லணும். எப்படி எழுத ஆரம்பிக்கிறதென்று தெரியாமலே எனக்கு இத்தனை வருஷம் போச்சு.

டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் பத்தாம் தேதி காலையில் டெல்லி வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பு. நீ வராதே. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அப்புறம் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராது.

உன் அக்கா
இன்பராணி